பல்லடியில் ஒரு நரம்பு

கீழுதடு எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டால், உண்ணவும் பேசவும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆயின் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் மக்களிடையே இக்கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் விடைகள் வேறு வேறாக வரும். கோயில் வாசலில் நாதசுரம் வாசிக்கும் கலைஞருக்குச் சீவாளியின் அதிர்வை அளந்தறிந்து காற்றை விட அது வேண்டும். கரையில் குந்தியிருந்து வலை பொத்துகின்ற மீனவர் நூலின் நுனியை அதில்தான் ஈரமாக்கிக்கொள்கிறார். தேநீர்க் கடையில் கொதிக்கும் தேநீரின் சூட்டை நாவுக்கு முந்திச் சொல்லும் காவற்காரனும் அதுவே. வகுப்பறையில் நின்று பாடம் சொல்லும் எம்போன்றோருக்கோ அது தொழிற் கருவி. பகரமும் மகரமும் இதழிரண்டும் பொருந்தப் பிறப்பன என்றும், வகரம் பல்லும் இதழும் கூடப் பிறப்பது என்றும் தொல்காப்பியப் பிறப்பியல் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. அம்மா என்ற சொல்லைக் கீழுதட்டின் துணையின்றிச் சொல்லிப் பாருங்கள்.

இத்தனை வேலை செய்யும் உதட்டுக்கு உணர்ச்சியைக் கொண்டுவருவது பக்கத்துக்கு ஒன்றாக ஓடும் ஒரே ஒரு நரம்பு. அது கீழ்த்தாடை எலும்புக்குள்ளே உட்பக்கத்தால் நுழைந்து, எலும்பினூடே ஒரு சிறு சுரங்கத்தில் பற்களின் வேர்களுக்கு அடியாகச் சென்று, நாடிக்கு அருகே ஒரு துவாரத்தால் வெளிப்பட்டு, உதட்டுக்கும் நாடித் தோலுக்கும் கிளைவிடுகிறது. உதட்டை அசைப்பது வேறு நரம்பின் தொழில். இந்த நரம்பு உணர்வதற்கு மட்டுமே உரியது. இதன் பாதையில் மிகவும் நெருக்கமான இடம் கடைசிப் பல்லின் வேரடியாகும். பதினேழு வயதிற்கும் இருபத்தைந்து வயதிற்கும் இடையில், அறிவு வரும் பருவத்தில் முளைப்பதால் அதற்கு ஞானப்பல் என்று பெயர். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது வெறும் கடைவாய்ப்பல்தான். முளைக்க இடமில்லாமல் எலும்புக்குள் சாய்ந்தும் படுத்தும் கிடக்கின்ற ஞானப்பற்களே தொல்லை தருவன. நாகரிக மனிதரிடத்து இப்பல் தேய்ந்து மறையும் போக்கில் இருப்பதாக டார்வின் 1871இல் எழுதிய நூலில் குறித்தார். நாகரிகம் என்ற சொல்லை அக்காலத்து ஆங்கிலேயர் யாருக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பது நாம் அறிந்ததே, அதை விடுவோம். வன்மையான உணவைக் கடித்து மென்று வளராத தாடை சிறுத்துப்போகிறது, அதனால் கடைசிப் பல்லுக்கு இடம் போதவில்லை என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. சீனன்குடாப் பக்கத்தில் கோதுமை மா ஆலை 1980இல் அரைக்கத் தொடங்கியது முதல், குரக்கனையும் கிழங்கையும் மென்ற மாவட்டம் பாணைத் தேநீரில் தோய்த்து விழுங்கப் பழகிவிட்டது என்று எமது நண்பரொருவர் கேலி பேசுவார். கேலியை விஞ்ஞானமாகக் கொள்ள வேண்டியதில்லை.

எமக்கு இவ்விடயத்தில் அக்கறை வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நாற்பது வயதைக் கடந்த பின்னர் எமது கீழ்த்தாடையின் வலப்புறத்து ஞானப்பல், அதுவரை துயின்றது, விழித்துக்கொண்டது. அது படுத்த நிலையில் பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு கிடந்தது. தொல்லை தராத ஞானப்பல்லைப் பிடுங்க வேண்டாம் என்று பிரித்தானிய அரசினர் மருத்துவ வழிகாட்டி 2000ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருந்தமையால் நாம் அதுவரை அதனைச் சும்மா விட்டிருந்தோம். ஒரே ஆண்டில் மூன்று முறை ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல், பாடத்தைக் கரும்பலகையில் எழுதியே நடத்தும் நிலை வந்தது. சொத்தை பல்லின் உள்நரம்பு வரை இறங்கிவிட்டதையும் கண்டார்கள். எடுப்பதல்லால் வேறு வழியில்லை.

பல் வைத்தியர் எம்மைவிட இளையவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து விரலால் காட்டினார். தாடையினூடே புகையிரதப் பாதை போல இரு வெண்கோடுகள் இணையாக ஓடின. அவையே நரம்புச் சுரங்கத்தின் மேல் கீழ்ச் சுவர்கள். வேர் அதனைக் கடக்கும் இடத்தில் மேற்கோடு அறுந்திருந்தது. அவ்விடத்தில் வேரும் கறுத்துத் தோன்றியது.

“மாஸ்டர், வேர் நரம்போடை ஒட்டிக் கிடக்குது போல இருக்கு. எடுத்த பிறகு சொண்டு விறைச்சுப் போகலாம். அனேகமாத் திரும்பி வரும். சிலபேருக்கு வராமலும் விடலாம். நீங்கள் வகுப்பெடுக்கிறவர். யோசிச்சுச் சொல்லுங்கோ” என்றார்.

யோசித்துச் சொல்லுங்கோ என்ற அந்தச் சொற்களை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. யோசிப்பதற்கு விடயம் வேண்டுமன்றோ? ஆகவே நாம் தேடிப் படித்தோம்.

இப்படத்தைப் பார்த்து ஆபத்தைக் கணிக்கும் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. ஹோவ், பாய்ட்டன் என்னும் இருவர் 1960இல் பிரித்தானியப் பல் மருத்துவ இதழொன்றில், பிடுங்கிய பற்களையும் அவற்றின் படங்களையும் ஒப்பிட்டு, நரம்பு உண்மையாகவே வேரைத் தொட்டுக் கிடந்ததைப் படம் எவ்வாறு முன்கூட்டிக் காட்டியது என்று ஆராய்ந்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1990இல், ரூட், ஷெஹாப் என்போர் படத்தில் காணக்கூடிய ஏழு அடையாளங்களை எடுத்துக்கொண்டு சோதித்து, நரம்புக் காயத்தோடு வலுவாகத் தொடர்புடையவை மூன்று என்று காட்டினர். வேர் கறுத்திருத்தல், சுரங்கத்தின் வெண்கோடு அறுந்திருத்தல், சுரங்கம் வேரை அணுகுமிடத்தில் வழி திரும்பியிருத்தல் என்பன அவை. வேர் கறுப்பது ஏனெனில், நரம்பு அழுத்திய இடத்தில் வேரோ எலும்போ பள்ளம் விழுந்து மெலிந்திருக்கும்; மெலிந்த இடத்தினூடே கதிர் கூடுதலாகப் புகும். எமது படத்தில் மூன்றில் இரண்டு இருந்தன.

படம் ஒரு கடல் வரைபடம் போன்றது என்றாலும் அதில் ஒரு குறை உண்டு. அது தட்டையானது. நரம்பு வேரின் நாப்பக்கமாகப் போகிறதா, கன்னப்பக்கமாகப் போகிறதா, இரு வேர்களுக்கு நடுவே நுழைகிறதா என்பதை அது சொல்லாது. முப்பரிமாணத்தில் காட்டும் கதிர்ப்படக் கருவி இப்போது வந்துவிட்டது. தனியார் நிலையங்களில் அதற்குப் பணம் கட்ட வேண்டும். கடன்பட்டாவது அந்தப் படத்தை எடுத்தால் தப்பிவிடலாம் என்று ஏழைகள் நம்பக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஐரோப்பாவில் இருவகைப் படங்களையும் ஒப்பிட்டு நடத்திய சோதனைகளில், புதிய படம் எடுத்தவர்களிடத்தில் நரம்புக் காயம் குறைந்ததாகத் தெரியவரவில்லை. சில பற்களுக்கு அது பெரிதும் உதவும், எல்லாவற்றுக்குமன்று. கருவி காட்டியதைக் கொண்டு கை என்ன செய்கிறது என்பதே கேள்வி.

மற்றைய காரணங்கள் பலவற்றை ஆய்வாளர் சொல்கின்றனர். பல் எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்து ஏறும். எலும்பை வெட்டியும் பல்லைத் துண்டாக்கியும் எடுக்க வேண்டியிருப்பின் ஏறும். வைத்தியரின் அனுபவம் குறைந்தால் ஏறும். வயது ஏறினாலும் ஏறும். இளமையில் வேர் முற்றாது; எலும்பு நெகிழ்ந்து கொடுக்கும்; காயம் பட்டாலும் நரம்பு விரைவில் தேறும். முப்பதைக் கடந்தால் வேர் முற்றியிருக்கும், எலும்பும் இறுகிவிடும்.

இவற்றோடு இன்னொரு நரம்பும் உண்டு. நாவின் முன்பகுதிக்கு உணர்ச்சியையும், பிறிதொரு நரம்பின் இழைகளைச் சுமந்து சுவையையும் கொண்டுசெல்லும் நாநரம்பு அது. எலும்புக்குள் ஓடாமல், ஞானப்பல்லின் உட்பக்கத்து மெல்லிய எலும்புத் தகட்டை ஒட்டி ஈற்றுத் தசைக்குள்ளே செல்கிறது. எக்ஸ்ரேயில் அது தெரியவே தெரியாது. சிலருக்கு அத்தகட்டின் விளிம்புக்கு மேலாகவும் கிடக்கும். ஆகவே அதன் விதி பெரும்பாலும் வைத்தியரின் முறையிலும் கையிலும் தங்கியுள்ளது. உட்பக்கத்து ஈற்றை உரித்து விலக்கிக்கொண்டு வேலை செய்யும் முறை பிரித்தானியாவில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. கெல்சி ஃப்ரை என்பவர் வகுத்து, 1956இல் வார்ட் என்பவர் எழுதி வெளியிட்ட முறையில், உட்பக்கத்து எலும்பையே உளியால் பிளந்து பல்லை வெளியே தள்ளுவர். வேகமான முறைதான், திறமைசாலியின் கையில் அழகான முறையும்கூட. ஆயின் உட்பக்கத்தைத் தொடாமல் கன்னப்பக்கத்தால் மட்டும் அணுகும் முறையே நாவுக்குப் பாதுகாப்பானது என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. பிரித்தானியப் பாடப்புத்தகம் போன இடமெல்லாம் அந்த உளியும் போயிற்று. பாடப்புத்தகம் மாறினால் எங்கள் நாவும் தப்புகிறது. பல்லைக் கொடுக்கப் போகிறவர் இதையெல்லாம் எங்கே அறியப்போகிறார்?

எமது பல்லை எடுத்தார்கள். உளியின்றி, சுழல் துளைகருவியால் எலும்பை விலக்கி, பல்லை மூன்று துண்டாக்கி, பொறுமையாகவே எடுத்தார்கள். விறைப்பு ஊசியின் வேகம் மாலைக்குள் தணிந்துவிடும் என்றார்கள். மாலையில் நாக்கு திரும்பியது. உதடு திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. வைத்தியர்மீது நாம் குறை சொல்லவில்லை. அவர் எதனைச் சொன்னாரோ அதுவே நடந்தது. ஆயினும், சொல்லக் கேட்டது வேறு, வாழ்ந்து பார்ப்பது வேறு. சோற்றுப் பருக்கை நாடியில் ஒட்டியிருப்பதை வகுப்புப் பிள்ளைகள் சிரித்த பின்னரே அறிந்தோம். முகச்சவரம் செய்கையில் இரத்தம் கண்ணாடியில் தெரிந்த பின்புதான் வெட்டு தெரிந்தது. தேநீர்க் கோப்பையின் விளிம்பு பாதியில் உடைந்துபோனது போலிருந்தது. பாதி உதட்டுக்கு மட்டுமே கோப்பை உண்டு. பகரமும் மகரமும் பிறந்தனதாம். கேட்டவர்கள் பிழையில்லை என்றார்கள். ஆனால் இதழ்கள் பொருந்தின என்று எமக்கு யார் சொல்வது? நாமே பேசுவதை நாம் காதால் மட்டும் கண்காணிக்க வேண்டியிருந்தது. நாற்பது நிமிடப் பாடம் முடிவதற்குள் களைத்துப் போவோம்.

நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தவர் ஹெர்பர்ட் செடன் என்னும் ஆங்கில அறுவை வைத்தியர். ஆண்டு 1943. யுத்தத்தில் கை கால் நரம்பு அறுந்தும் நசிந்தும் வந்த போர்வீரரை வைத்துக் கற்ற பாடம் அது. அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் எமது துறைமுகத்தின்மீதும் குண்டு போட்டிருந்தன. முதல்வகையில் நரம்பு நசிந்ததேயன்றி இழை அறவில்லை, கிழமைகளில் தேறிவிடும். இரண்டாம் வகையில் உள்ளிழை அறுந்தும் உறை தப்பியிருக்கும். அந்த உறையைக் குழாயாகக் கொண்டு இழை மெல்ல மெல்ல வளர்ந்து மாதங்களில் வரும். மூன்றாம் வகையில் நரம்பே துண்டுபட்டிருக்கும். தானாக வருவது அரிது. எமக்கு வாய்த்தது இரண்டாவதாக இருந்திருக்க வேண்டும். பத்தாம் கிழமையில் உதட்டில் எறும்பு ஊர்ந்தது. அந்த எறும்பை நாம் வரவேற்ற வரவேற்பை இதுவரை எந்த விருந்தினருக்கும் அளித்ததில்லை. ஐந்தாம் மாதத்தில் நாடியில் ஒரு ரூபாய் நாணயமளவு இடம் தவிர மற்றெல்லாம் திரும்பியது. ஆறு மாதத்துக்குள் அசைவு காணாத நரம்பு பின்னர் முழுமையாகத் திரும்புவது கடினம். சிலருக்கு விறைப்புக்குப் பதிலாக எரிவும் குத்தலும் தங்கிவிடுவதுண்டு. காற்றுப் பட்டாலே துடிப்பார்கள். அது விறைப்பிலும் கொடிது.

இனி நாம் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறோம். தையல் வெட்டப் போன நாளில் வாங்கில் எமக்குப் பக்கத்தில் மூதூர்ப் பக்கத்து மீனவர் ஒருவர் இருந்தார். வயது ஐம்பது இருக்கும். அவருக்கும் கீழ் ஞானப்பல்தான். பணியாளரான இளம்பெண் ஒருத்தி படிவத்தைக் கொண்டுவந்தாள்.

“எடுத்த பிறகு கொஞ்சம் விறைப்பு இருக்கலாம், வாப்பா. இதில கையெழுத்து வையுங்க.”

“அது ஊசி போட்டா வாறதுதானே மகள்? எனக்குத் தெரியும்” என்று அவர் கையெழுத்திட்டார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பொய் சொன்னவர் யாருமில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருந்தன. எமது பேச்சுத் தமிழில் ஊசியால் நாலு மணி நேரம் வருவதும் விறைப்பு. நரம்பு காயப்பட்டு நாலு மாதம், சிலவேளை ஆயுள் முழுதும் இருப்பதும் விறைப்பு. அவர் நாலு மணி நேரத்துக்கு உடன்பட்டார். படிவமோ மற்றதற்கும் சேர்த்து அவர் உடன்பட்டதாகப் பதிந்துகொண்டது.

சட்டம் இவ்விடயத்தில் நடந்துவந்த தூரத்தைக் கவனிப்பது நல்லது. இங்கிலாந்தில் போலம் என்பவரின் வழக்கில் 1957இல் ஒரு விதி நிலைபெற்றது. பொறுப்புள்ள வைத்தியர் குழாமொன்று ஏற்கும் முறையில் ஒருவர் நடந்துகொண்டால் அவர்மீது கவனயீனம் சுமத்த முடியாது என்பதே அது. நோயாளிக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்பதையும் அதே அளவுகோலால் பின்னர் அளந்தார்கள். வைத்தியருக்கு வைத்தியரே சாட்சி, வைத்தியரே அளவு. அதே 1957 அக்டோபரில்தான் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்து வெளியேறியது. கொடி இறங்கிய பின்னும் நினைப்பு இறங்கச் சென்றது நெடுங்காலம். 2015இல் மொன்ட்கோமரி வழக்கில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அளவுகோலை நோயாளியின் கைக்கு மாற்றியது: அந்த நோயாளியின் நிலையில் இருக்கும் ஒருவர் எந்த ஆபத்தைப் பெரிதாக எண்ணுவாரோ அதைச் சொல்லியாக வேண்டும். ஞானப்பல் எடுத்தோரில் உதட்டு உணர்ச்சியை நிரந்தரமாக இழப்போர் பொதுவாக நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. கணக்கெழுதும் எழுத்தருக்கு அந்த ஒன்று சிறிதாகத் தெரியலாம். சீவாளியை உதட்டில் வைத்துப் பிழைப்பவருக்கு அதுவே முழுக் குடும்பம். ஆகவே உங்கள் தொழில் என்ன என்று கேட்பது மரியாதைப் பேச்சன்று. வைத்தியத்தின் ஒரு பகுதி.

ஆபத்துக் காரணங்களின் பட்டியலை நாம் மீண்டும் ஒருமுறை பார்த்தோம். வயது என்று எழுதியிருக்கிறது. வயது எல்லோருக்கும் ஒரேவிதமாகவா ஏறுகிறது? 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து பெயர்ந்தவர்களில் பலர் கிளிவெட்டி முதலான இடங்களில் முகாம்களில் இருந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் ஊர் திரும்பினர். இருபத்தைந்தில் போனவருக்கு முப்பத்தைந்து. தகரக் கொட்டிலில் இருப்பவர் ஈறு வீங்கினால் கராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு இருப்பார். படம் எடுக்கவா போவார்? கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முன் பட்டினத்துக்கு வர நீர்ப்பரப்பைப் ‘பாதை’யில் கடக்க வேண்டியிருந்தது, அதற்கும் முன்னே சோதனைச் சாவடிகள். நிபுணரிடம் போவதானால், நாட்டின் ஒரே பல் மருத்துவ பீடமாகப் பல பதிற்றாண்டுகள் விளங்கிய பேராதனைக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர் பஸ் பயணம். வேர் முற்றியதும் எலும்பு இறுகியதும் உடற்கூறுதான். அதுவரை காத்திருக்க வைத்தது உடற்கூறு அன்று.

வைத்தியரின் அனுபவம் என்றும் எழுதியிருக்கிறது. இது எம்மை இன்னும் தொல்லைப்படுத்துகிற வரி. இந்நாட்டில் அரசினர் வைத்தியசாலையில் பணமின்றிச் சிகிச்சை பெறுகிறோம். இலவசக் கல்வியால் ஏழை வீட்டுப் பிள்ளையும் பல் வைத்தியராகிறது. இவ்விரண்டையும் விட்டுக்கொடுக்க நாம் ஒருபோதும் சம்மதியோம். ஆனால் அந்தப் பிள்ளை அனுபவம் பெறுவது யாருடைய தாடையில்? தனியார் நிலையத்தில் தேர்ந்த கையை விலைக்கு வாங்குவோரின் தாடையில் அன்று. எவரும் கற்காமல் நிபுணராக முடியாது என்பது உண்மையே. அதற்காக, படத்தில் வெண்கோடு அறுந்த பல்லையும் கோடு தெளிவாயுள்ள பல்லையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அன்று யார் கடமையோ அவர் எடுக்கட்டும் என்று விட வேண்டியதில்லை. ஆபத்தான பல்லைத் தெரிந்தெடுத்து அனுபவசாலிக்கு அனுப்புவதற்கு எக்ஸ்ரேயைக் கவனமாகப் படிப்பதொன்றே போதும். புதுக் கருவி வேண்டா.

வேறொரு வழியும் இருக்கிறது. பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, நரம்போடு ஒட்டிய வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடுவது. கேட்பவருக்கு அரைகுறை வேலை போலத் தோன்றும். லண்டனில் ஆபத்து மிகுந்த பற்களை மட்டும் எடுத்துக்கொண்டு நடத்தி 2005இல் வெளியிட்ட சோதனையில், முழுதாக எடுத்த 102 பற்களில் 19இல் நரம்பு காயப்பட்டது. தலையை மட்டும் ஒழுங்காக வெட்டி முடித்தவற்றில் ஒன்றிலும் காயமில்லை. வேலையின்போது வேர் ஆடிவிட்டால் முழுதும் எடுக்கத்தான் வேண்டும். சொத்தை உள்நரம்புக்கு இறங்கிய பல்லுக்கும் சீழ் பிடித்த வேருக்கும் இம்முறை ஆகாது. எமக்கு அதனால்தான் செய்யவில்லை. பின்னொரு காலத்தில் வேர் மேலெழுந்து மறுபடி கத்தி வைக்க நேர்வதும் உண்டு. இவ்வளவையும் சொல்லி, எது வேண்டும் என்று அந்த மூதூர் மனிதரிடம் யாராவது கேட்டிருந்தால் அவர் தலையைச் சொறிந்திருக்கலாம். நீங்களே சொல்லுங்கோ என்று வைத்தியரிடமே விட்டுமிருக்கலாம். அதுவும் அவருடைய முடிவாக இருந்திருக்கும்.

எமது உதடு தேறிய பின் நாமும், உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரும், உயர்தர வகுப்பு மாணவர் நால்வரும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அந்தப் படிவத்துக்குரிய தமிழை எழுதிப் பார்த்தோம். முதலில் மாணவர் எழுதியது கலைச்சொற்களால் நிறைந்து, படித்தவனையும் மிரட்டுவதாக இருந்தது. அதைக் கிழித்தோம். பின்பு எழுதியது இது: “ஊசியால் வரும் விறைப்பு இன்று இரவுக்குள் போய்விடும். அது வேறு. பல்லுக்குப் பக்கத்தில் உதட்டின் நரம்பும் நாக்கின் நரம்பும் போகின்றன. அவை நோகுமானால் உங்கள் கீழுதடும் நாடியும், சிலவேளை நாக்கும், பல மாதங்கள் உணர்ச்சியில்லாமலோ எரிவாகவோ இருக்கும். கொஞ்சப் பேருக்கு அது மாறாது. உங்கள் படத்தில் நரம்பு பல்லுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.”

எம்முடைய வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். இருமுறை வாசித்தார். “நோகுமானால்” என்பதை வெட்டி “காயப்பட்டால்” என்று திருத்தினார். நோவில்லாமலே இது வருவதுண்டு என்று காரணமும் சொன்னார். பிறகு, கந்தளாயிலிருந்தும் சேருவிலவிலிருந்தும் வருகிறவர்களுக்காக இதைச் சிங்களத்தில் எழுதித்தர யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.